பயிற்சிச் சான்றிதழில் இடித்த ஒரு கையெழுத்து

அமெரிக்காவில் ஒரு கல் குவாரியில் பாதுகாப்புக் காகிதங்களைப் பார்ப்பது என் வேலை. வெளியிலிருந்து தணிக்கைக்கு வந்தவர், 8 மணி நேர ஆண்டுப் புத்தாக்கப் பயிற்சியின் சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் ஒரே குறிப்பை எழுதிவிட்டுப் போனார்: 'சான்றளிப்பு செல்லாது.' காரணம் எழுதவில்லை.

முதலில் படிவத்தைச் சந்தேகித்தேன். 'பொய்ச் சான்று தண்டனைக்குரியது' என்ற வாசகம் தடித்த எழுத்தில், கண்ணில் படும்படி இருக்க வேண்டும். எங்கள் படிவத்தில் அது மெலிதாக இருந்தது. சரி, இதுதான் என்று திருத்தி மறுபடி அச்சிட்டேன். குறிப்பு நீங்கவில்லை. அப்புறம் சுரங்க அடையாள எண், பயிற்சி நேரம், பயிற்றுநர் பெயர் என்று வரிவரியாகப் பார்த்ததில் மூன்று நாள் போயிற்று. எல்லாம் சரியாகவே இருந்தன.

கடைசியில் கல் குவாரி போன்ற இடங்களின் பாதுகாப்புப் பயிற்சிக்கான கூட்டாட்சி விதியான பகுதி 46-ஐ எடுத்து, சான்றளிப்பைப் பற்றிய அதன் 46.9 பிரிவை நிதானமாகப் படித்தேன். பயிற்சி முடிந்தது என்று கையெழுத்திட வேண்டியவர், பயிற்சித் திட்டத்தில் பொறுப்பாளராகப் பெயர் குறிக்கப்பட்டவர். வகுப்பெடுத்தவரோ மேலாளரோ போட்டால் போதாது. எங்கள் திட்டத்தில் இருந்ததோ, எப்போதோ வேலையை விட்டுப் போனவரின் பெயர்! கையெழுத்திட்டு வந்தவர் அவருக்குப் பின் வந்தவர்.

திட்டத்தில் பொறுப்பாளர் பெயரையும் பதவியையும் மாற்றினேன். பயிற்சித் திட்டம் பற்றிய 46.3 பிரிவு கேட்கும் ஐந்து விவரங்களும் இருந்தால் திட்டம் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும், ஒப்புதலுக்காக அரசின் சுரங்கப் பாதுகாப்பு அமைப்புக்கு அனுப்பத் தேவையில்லை. ஆனாலும் பிரதியை இரண்டு வாரம் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டிவைத்தேன். பழைய சான்றிதழ்களில் முன்தேதியிட்டு, அதாவது அன்றே போட்டதுபோல், கையெழுத்து வாங்கும் யோசனையை ஒருவர் சொன்னார். அந்தத் தடித்த வாசகத்தைக் காட்டினேன். பயிற்சியை மறுபடி நடத்திப் புதிதாகச் சான்றளித்தோம். குறிப்பு நீங்கியது.