சிறைப் பதிவுகளைக் கொண்டு நீண்டகாலக் குற்ற வரலாற்றை வரைவது எப்படி

கேப்பர் மலையில் உள்ள கடலூர் மத்திய சிறையின் பதிவை மட்டும் வைத்து வரைந்தால் பாதிப் படம்தான் கிடைக்கும். புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டிப் பிடிபட்டவர் புதுச்சேரியின் காலாப்பட்டுச் சிறைக்குப் போவார்; அது வேறு அரசு, வேறு பதிவேடு. கடலூர்ப் பதிவைக் கொண்டு ஒருவருக்கு வரைந்த கோட்டில் தெரியும் வெற்றிடத்தைத் திருந்தி வாழ்ந்த காலம் என்று படித்துவிடக் கூடாது. முடிந்தால் இரண்டையும் சேர்த்து வாங்குங்கள். பெயரை வைத்துப் பொருத்தினால் இனிஷியலும் எழுத்துக்கூட்டலும் காலை வாரும். தந்தை பெயர், பிறந்த ஆண்டு, ஊர் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். பொருத்தி முடித்ததும் பெயரை நீக்கிவிட்டு ஆளுக்கு ஒரு எண் கொடுங்கள்.

அட்டவணையில் ஒவ்வொரு சிறைவாசத்துக்கும் ஒரு வரி: எண், பிறந்த தேதி, உள்ளே வந்த தேதி, வெளியே போன தேதி, நிலை (விசாரணைக் கைதி, தண்டனைக் கைதி, தடுப்புக் காவல்), சட்டப்பிரிவு, சம்பவ தேதி, தீர்ப்பு. வேறு சிறைக்கு மாற்றப்பட்டவருக்கு ஒரே சிறைவாசம் இரண்டு வரியாக விழும். இடைவெளி ஒரு நாளோ அதற்குக் குறைவோ என்றால் ஒட்டிவிடுங்கள். ஏப்ரல் 3 என்ற பொருளில் எழுதிய 03/04/2011 என்பதை, அமெரிக்கத் தேதி அமைப்பில் உள்ள எக்செல் மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். தேதியை எழுத்தாகவே ஏற்றி, பிறகு மாற்றுங்கள். 2024 ஜூலை 1-க்கு முந்தைய திருட்டு இந்திய தண்டனைச் சட்டம் 379, பிந்தையது பாரதிய நியாய சன்ஹிதா 303(2). இரண்டையும் ஒரே வகையில் போடாவிட்டால் புதுக் குற்றம் முளைத்ததுபோல் தெரியும்.

படம் வரைய, ஆர் நிரல்மொழியின் வரைபடத் தொகுப்பான ஜிஜிபிளாட்2 (ggplot2) போதும். கிடை அச்சு வயது, 18-லிருந்து. ஆளுக்கு ஒரு கோடு: வெளியில் இருந்த காலம் மெல்லிய சாம்பல், சிறைக்காலம் தடித்த பட்டை, நிலைக்கு ஒரு நிறம். இரண்டுக்கும் கோட்டுத்துண்டு வரையும் கட்டளையான ஜியோம்_செக்மென்ட் (geom_segment). குற்றப் புள்ளியைச் சம்பவ தேதியில் வையுங்கள். தீர்ப்பு தேதியில் வைத்தால் சிறைக்குள் இருந்தபடியே திருடியதாகப் படம் சொல்லும். தண்டனை ஆனது நிரம்பிய புள்ளி, நிலுவை வழக்கு வெற்று வட்டம். விடுதலையான வழக்குக்குப் புள்ளியே கூடாது. சிறையில் கழிந்த நாட்கள் மட்டும் பட்டையாக இருக்கட்டும். நீதிமன்றம் நிரபராதி என்றவரை நம் படம் குற்றவாளி ஆக்குவது அநியாயம்.

முதல் தண்டனை வயதுப்படி வரிசைப்படுத்துங்கள். ஒரு பக்கத்தில் 40 கோடுகளுக்கு மேல் போனால் கண்ணுக்குப் பிடிபடாது.

ஆண்டுக்கு எத்தனை குற்றம் என்ற வேகத்தைக் கணக்கிடும்போது சிறை நாட்களைக் கழிக்க வேண்டும். 10 ஆண்டில் 3 குற்றம் என்றால் ஆண்டுக்கு 0.3. அதில் 4 ஆண்டு உள்ளே இருந்திருந்தால் 0.5. தரவு எடுத்த தேதியில் கோட்டை வெட்டி அம்புக்குறி போடுங்கள், இறந்தவருக்குச் சிலுவைக்குறி. அம்புக்குறி இல்லாத கோடு, அவர் அந்த வயதோடு குற்றத்தை விட்டுவிட்டார் என்றே பார்ப்பவருக்குப் படும்.