வெட்டிய ஸ்பிரிங்குக்கு விடை கொடுத்தேன்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்விஃப்டில், முந்தைய உரிமையாளர் ஒரிஜினல் ஸ்பிரிங்கையே கிரைண்டரால் வெட்டி வண்டியைத் தாழ்த்தியிருந்தார். பார்க்க அழகுதான். ஆனால் மடிப்பாக்கம் சந்துகளில் ஒவ்வொரு வேகத்தடையிலும் ‘டொக்’. ஜாக்கி போட்டுத் தூக்கியதும் காரணம் தெரிந்தது: சக்கரம் தொங்கும்போது பின் ஸ்பிரிங் தான் உட்காரும் தட்டை விட்டு விலகி, விரலால் தள்ளினாலே சுழன்றது. சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைப்பாகும், நீளமும் போதாது.

நண்பர்கள் காயில்ஓவர் (ஸ்பிரிங்கும், அதன் ஆட்டத்தை அடக்கும் டேம்பரும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு) போடச் சொன்னார்கள். மரை வளையத்தைத் திருகி உயரத்தை மாற்றலாம், சரி. ஆனால் மழைநீரும் சேறும் ஏறினால் அந்த மரை இறுகிவிடும். விலையும் பல மடங்கு. ரேஸ் டிராக்குக்குப் போகாத எனக்கு எதற்கு? தவிர, ஸ்விஃப்டின் பின்பக்கம் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுங்கிக்கொடுக்கும் தண்டு. ஸ்பிரிங்கும் டேம்பரும் தனித்தனியாகத்தான் இருக்கும்.

சென்னையில் கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் விசாரித்து, 30 மி.மீ. மட்டும் இறக்கும் ப்ரோக்ரெசிவ் (அழுத்த அழுத்த விறைப்பு கூடும்) ஸ்பிரிங் வாங்கினேன். கூடவே புது டேம்பர், சஸ்பென்ஷன் முழுக்க அழுந்தும்போது இடிக்காமல் தாங்கும் பம்ப் ஸ்டாப். வேகத்தடை 10 செ.மீ. உயரம் என்கிறது, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதி. நம்ம தெருவில் போட்டவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. அதனால் இன்னும் தாழ்த்த மனம் வரவில்லை.

மெக்கானிக்கிடம் ஒன்றை மட்டும் வலியுறுத்தினேன்: கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை) மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் போல்ட்டுகளை, வண்டி தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். ஸ்பிரிங் படிந்தபின் வீல் அலைன்மென்ட் பார்த்தோம். டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) நன்றாகவே விலகியிருந்தது, சரிசெய்தார்கள். ‘டொக்’ போய்விட்டது.