1930ஆம் வருசத்துக் காயிதம் கேட்டாங்கன்னா

எங்க அத்தையைப் பாலமலைக்குக் கட்டிக் குடுத்தாங்க. அது சேலம் மாவட்டம், அத்தை பசங்களுக்கு எஸ்.டி. (பழங்குடி) சர்டிபிகேட் இருக்குது. நாங்க பர்கூர் மலை, ஈரோடு மாவட்டம். அதே மலையாளிதானுங்க (கேரளாக்காரங்க இல்லை, மலையில குடியிருக்கற சனம்), ஆனா எங்களுக்கு எஸ்.டி. கிடையாது. எஸ்.டி. பட்டியல்ல மலையாளிங்கற பேரோட சேலம், தர்மபுரின்னு மாவட்டத்தையும் சேத்து எழுதி வெச்சிருக்காங்க. நம்ம பக்கம் அப்பக் கோயமுத்தூர் ஜில்லா. அது விட்டுப்போச்சு.

அந்தச் சண்டை தனியா நடக்கட்டும். அது தீர்ற வரைக்கும் காட்டுப் பூமிக்கு மனுப் போடாம உக்காந்திருக்க வேண்டியதில்லை. 2006 வன உரிமைச் சட்டத்துல எஸ்.டி. இல்லாதவங்களும் கேக்கலாம். ஒரு கொக்கி இருக்குது: 13.12.2005க்கு முன்னால மூணு தலைமுறை, அதாவது 75 வருசம், காட்டை நம்பி இங்கயே குடியிருந்திருக்கோணும். கணக்குப் போட்டா 1930.

இதைத்தான் முக்காவாசிப் பேரு தப்பா புரிஞ்சுக்கறாங்க. 75 வருசம் குடியிருப்புக்குத்தான். பூமி, 2005 டிசம்பர் 13ல நம்ம அனுபவத்துல இருந்தாப் போதும். நாலு ஹெக்டேர் வரைக்கும் கேக்கலாம். எங்கப்பாவை ஒரு ஆபீசுல "1930ஆம் வருசத்துப் பட்டா கொண்டா"ன்னு ரெண்டு தடவை திருப்பி அனுப்பிச்சாங்க. பட்டா இருந்தா எதுக்குங்க மனு?

இந்தச் சட்டத்து விதிகள்ல சாட்சியத்தைப் பத்திச் சொல்றது விதி 13. அதை மனுவுலயே குறிச்சிருங்க. சாட்சியம் ரெண்டு வேணும். அரசாங்கக் காயிதம்தான் வேணும்னு இல்லை. பொதைச்ச பழைய குழி, கிணறு, கோயில், வீட்டு அடையாளம், மனுதாரர் அல்லாத ஒரு பெரியவரு சொல்றதை எழுதி வாங்கின வாக்குமூலம், எல்லாம் செல்லும். குறிப்பிட்ட காயிதம்தான் வேணும்னு மேல் குழுக்கள் அடம் பிடிக்கக்கூடாதுன்னு 2012ல விதியிலயே சேத்துட்டாங்க.

வாக்குமூலத்துல "ரொம்ப காலமா இருக்கறோம்"னு எழுதினா ஒண்ணுக்கும் ஆகாது. பக்கத்து வளவுப் பாட்டிகிட்ட வருசம் கேட்டேன், தெரியலைன்னுட்டா. அப்புறம் உங்கப்பன் என்ன வேலைக்குப் போனாருன்னு கேட்டேன். "மேட்டூரு அணைக்குக் கல்லுச் சொமக்கப் போனான், சனிக்கெழமை பாலமலை ஏறி ஊட்டுக்கு வந்துருவான்"னா. அணை கட்டுனது 1925லருந்து 1934. நான் தேடுன வருசம் அந்த வாக்கியத்துக்குள்ளயே கெடந்துச்சு. அவ சொன்னதை அவ பேச்சுலயே எழுதி, கைநாட்டு வாங்கி, ரெண்டு பேரைச் சாட்சிக் கையெழுத்துப் போட வெச்சேன். எங்கப்பாரு, அதாவது தாத்தா, அவரு குழிமேட்டுக் கல்லையும் பக்கத்துப் பலாமரம் தெரியற மாதிரி போட்டோ எடுத்தோம். முதல் போட்டோவுல வெறுங்கல்லு மட்டும் விழுந்துச்சு. அது எந்தக் காட்டுக் கல்லா வேணா இருக்கலாம்!

மனு படிவம் ஏ. குடுக்கறது கிராம சபை தேர்ந்தெடுத்த வன உரிமைக் குழுகிட்ட, ரசீது வாங்காம நகராதீங்க. குழு நேர்ல வந்து பூமியைப் பாத்ததுக்கப்புறம் கிராம சபை கூடும். உறுப்பினர்ல பாதிப்பேரு வந்திருக்கோணும், வந்தவங்கள்ல மூணுல ஒரு பங்கு பொம்பளைங்க. ராகி அறுப்பு நாள்ல கூட்டம் வெச்சா அந்தக் கணக்கு எட்டாது, நாங்க ஒருக்கா அப்படித்தான் ஏமாந்தோம். அங்கிருந்து ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையிலான கோட்டக் குழு, அப்புறம் கலெக்டர் குழு. பாதகமா முடிவானா 60 நாளைக்குள்ள மேல்முறையீடு. சரிபார்ப்பு முடியற வரைக்கும் காலி பண்ணச் சொல்ல முடியாது, பிரிவு 4(5). உரிமைப் பத்திரம் புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு பேர்லயும் வரும், விக்க முடியாது.

மாடு வெச்சிருக்கறவங்க ஊர்ப் பொது உரிமைக்கான படிவம் பி-யும் போடுங்க, ஊர் சேர்ந்து. 2024 ஜனவரியில நம்ம மலையைத் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமா அறிவிச்சாச்சு. சரணாலயத்துக்குள்ளயும் இந்தச் சட்டம் செல்லும், மேய்ச்சலும் அதுல ஒரு உரிமை. பட்டி எங்க போடறோம், எந்த மாசம் எந்தப் பள்ளத்துல தண்ணி காட்டறோம், வீட்டுக்கு எத்தனை செம்மறை மாடு (நம்ம பர்கூர் மாடு)ன்னு கையால வரைபடம் போட்டு எழுதுங்க.

எங்கப்பா மனு இன்னும் மேல் குழுவுலதான் இருக்குது. ரசீதை லேமினேசன் பண்ணி அரிசிப் பானைக்குப் பின்னால சொருகி வெச்சிருக்காரு. ஜெராக்ஸ் மூணு எங்கிட்ட.