நெஞ்சு ஒட்டிய இரட்டையர்: எக்கோ அறையில் கேட்க வேண்டியவை

வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு இதய எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுக்கும் அறையில் பன்னிரண்டு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். நெஞ்சோடு நெஞ்சு ஒட்டிய இரட்டையர் என்று தெரிந்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "பிரிச்சிடலாமா, சிஸ்டர்?" அதற்குப் பதில் இன்னொரு கேள்வியில் இருக்கிறது. டாக்டரிடம் அதை முதலில் கேளுங்கள்: "இதயங்கள் சேர்ந்திருக்கின்றனவா? எந்த இடத்தில்?"

இதயத்தைச் சுற்றியுள்ள உறை மட்டும் இருவருக்கும் பொதுவாக இருந்தால் நிம்மதிப் பெருமூச்சு விடலாம், பிரிக்க வழி உண்டு. இதயத்தின் மேலறைகள் சேர்ந்திருந்தால் மிகக் கடினம். இரத்தத்தை உந்தித் தள்ளும் கீழறைகளும் சேர்ந்திருந்தால், பிரித்து இருவரையும் காப்பாற்ற இன்றைக்கு வழியில்லை. இதை மெல்லச் சொல்லலாமே தவிர மாற்றிச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1993இல் ஏமி, ஏஞ்சலா லேக்பெர்க் என்ற குழந்தைகளுக்கு ஆறு அறைகள் கொண்ட ஒரே இதயம் இருந்தது. ஏமி பிழைக்க மாட்டாள் என்று தெரிந்தேதான் பிலடெல்பியாவில் அறுவை செய்தார்கள். ஏஞ்சலாவும் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை.

எக்கோவைப் பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். கருவில் பனிக்குட நீர் சுற்றி இருப்பதால் படம் தெளிவாக வரும். பிறந்த பின் நெஞ்சுகள் ஒட்டியிருக்க, கருவியை வைக்கவே இடம் கிடைக்காது. 18 முதல் 22 வாரத்துக்குள், குழந்தை இதய மருத்துவரிடமே எடுங்கள்.

துடிப்பு இரண்டாகக் கேட்டால் இதயம் தனித்தனி என்று நம்பிவிடக் கூடாது. சேர்ந்த இதயத்திலும் அப்படிக் கேட்கும். ஒரு தாத்தா அந்தச் சத்தத்தை போனில் பதிந்து ஊரெல்லாம் போட்டுக் காட்டினார். அன்று அவரிடம் விளக்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

அப்புறம், இடப்பக்கக் குழந்தைக்கு என்ன, வலப்பக்கக் குழந்தைக்கு என்ன என்று தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். உறை மட்டும் பொதுவாக இருந்தாலும் ஒரு குழந்தையின் இதயத்தில் ஓட்டை இருக்கலாம். கல்லீரலையும் கேளுங்கள், அதுவும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும்.

கர்ப்பத்தைத் தொடர்வதா என்ற பேச்சு வந்தால், இந்தியாவில் 24 வாரம் தாண்டியும் கடுமையான குறைபாட்டுக்கு மருத்துவக் குழு அனுமதி தரச் சட்டத்தில் இடமிருக்கிறது. தொடர்வதென்றால், பச்சிளங்குழந்தைக்கு இதய அறுவை செய்யும் மருத்துவமனையிலேயே சிசேரியனுக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

கிளம்பும்போது அறிக்கையோடு எக்கோ வீடியோவையும் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது டாக்டருக்குத் தேவைப்படுவது அதுதான்.