பழைய ஃபிளாஷ் தமிழ்ப் பாடங்களை மீட்டெடுப்பது எப்படி?

உலாவிக்குள் அசைவுப்படங்களையும் பாடங்களையும் இயக்கிவந்த ஃபிளாஷ் என்ற செருகுநிரலுக்கான ஆதரவை, அதை வெளியிட்ட அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அந்தச் செருகுநிரலே எந்தக் கோப்பையும் இயக்க மறுத்தது. அதை நம்பி உருவான தமிழ்ப் பாடங்கள் இருந்த இடத்தில் இன்று வெற்றுப் பெட்டிதான் தெரிகிறது. அந்தப் பக்கங்களை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். உள்ளே இருப்பதில் பெரும்பகுதியை மீட்க முடியும்.

முதலில் எஸ்டபிள்யூஎஃப் (.swf) என்ற ஃபிளாஷ் கோப்புகளையும், அவை அழைக்கும் ஒலி, படம், எக்ஸ்எம்எல் (.xml) தரவுக் கோப்புகளையும் அடைவு அமைப்பு மாறாமல் நகலெடுத்து வையுங்கள். எங்கோ கிடைக்கும் பழைய ஃபிளாஷ் பிளேயரை நிறுவ வேண்டாம். அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வரப்போவதில்லை. அதற்குப் பதிலாக, வெப்அசெம்பிளி என்ற உலாவித் தொழில்நுட்பத்தின் வழியாக உலாவிக்குள்ளேயே ஓடும் ரஃபிள் என்ற திறமூல மென்பொருளில் பாடத்தைத் திறந்து பாருங்கள். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் (ஃபிளாஷின் நிரல்மொழி) 1, 2-இல் எழுதியவை பெரும்பாலும் நன்றாக ஓடும்; 3-இல் எழுதியவற்றை ஒவ்வொரு திரையாகச் சோதிக்க வேண்டும்.

ஆனால் ரஃபிள் தற்காலிக ஏற்பாடுதான். பாடத்தின் எழுத்துகள் பெட்டிக்குள்ளேயே கிடப்பதால், தேடுபொறிக்கும் பார்வையற்றோரின் திரைவாசிப்பானுக்கும் அவை எட்டுவதில்லை. ஆகவே பாடத்தை எச்டிஎம்எல்லுக்கு, அதாவது சாதாரண இணையப் பக்கமாக, மாற்றியே ஆக வேண்டும்.

காணொளி எளிது. எஃப்எல்வி (.flv) என்ற ஃபிளாஷ் காணொளிக் கோப்புக்குள் எச்.264 வகைப் படமும் ஏஏசி வகை ஒலியும் இருந்தால், எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற மென்பொருள் கொண்டு தரம் குறையாமல் எம்பி4 ஆக்கலாம். மற்றவற்றை மறுகுறியாக்கம் செய்ய வேண்டும்.

உண்மையான உழைப்பு தமிழ் உரையில்தான் இருக்கிறது. ஃபிளாஷ் கோப்பைப் பிரித்துக் காட்டும் ஜேபெக்ஸ் (JPEXS) என்ற மென்பொருள் கொண்டு உரையை வெளியே எடுத்தால், யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே வந்து நிற்கும். எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொண்டு, அதற்குரிய மாற்றியில் இட்டு யூனிகோடாக்குங்கள். அதன்பின் கட்டாயம் ஒருமுறை கண்ணால் படித்துச் சரிபாருங்கள். ஔகாரக் குறியும் ளகரமும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால், 'கௌதமன்' என்ற சொல்லின் 'கௌ' என்னும் ஓர் எழுத்து 'கெ', 'ள' என்று இரண்டாகப் பிரிந்து, 'கெளதமன்' ஆகிவிடக்கூடும். கண் ஏமாந்துபோகும், திரைவாசிப்பான் தவறாகவே படிக்கும். குழந்தைக்கான பாடத்தில் இப்பிழையை விட்டுவைப்பது எனக்குச் சற்றும் ஏற்புடையதன்று. உரை எழுத்தாக இல்லாமல் வெறும் வரைகோட்டுப் படமாக மாற்றப்பட்டிருந்தால், மறுபடி தட்டச்சிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

எழுத்தை எழுதிக் காட்டும் அசைவுப்படத்துக்கு, கோடுகளால் ஆன எஸ்விஜி (SVG) என்ற பட வடிவம் பொருத்தமானது. ஃபிளாஷிலிருந்து கிடைக்கும் 'அ' பெரும்பாலும் உள்நிரப்பிய வடிவமாகவே இருக்கும். பேனா செல்லும் பாதை அதில் இராது. அதன் நடுவே சுழியிலிருந்து ஒரு கோட்டை நீங்களே வரைந்து, அக்கோட்டை அதன் முழு நீளமுள்ள ஒரே கீற்றாக்கி, அக்கீற்றின் விலகலை (stroke-dashoffset) சிஎஸ்எஸ் என்ற பக்க வடிவமைப்பு மொழி கொண்டு படிப்படியாகக் குறைத்தால், எழுத்து தானே எழுதப்படுவதுபோல் தோன்றும்.

முடிந்தபின் சுட்டியைத் தொடாமல், விசைப்பலகையால் மட்டும் பாடம் முழுவதையும் கடந்து பாருங்கள். பிறகு கைபேசியில் திறந்து, பொத்தான்கள் குழந்தையின் விரலுக்கு எட்டுகின்றனவா என்று பாருங்கள்.