மூச்சு வாங்கினால் பழியை மேட்டின் மேல் போடாதீர்கள்

குன்னூர் மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு ஏறும் படிகளில் என் பெரியம்மா பாதியில் நின்று பையைக் கை மாற்றுவார். பையில் ஒரு கட்டு கீரையும் கால் கிலோ பீன்ஸும்தான் இருக்கும், கனமே கிடையாது. மூச்சு வாங்குவது அடுத்தவருக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். கேட்டால் "மேடுதானே, வயசாச்சு" என்பார். நாங்களும் தலையாட்டினோம், ஒன்றரை வருடம்.

மலையில் இருக்கிறவர்கள் செய்கிற முதல் தவறு இதுதான். ஊட்டி 2,240 மீட்டர், காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் உயரத்தால் மட்டும் வரும் பல்மனரி ஹைப்பர்டென்ஷனை, அதாவது நுரையீரல் ரத்தக் குழாயில் அழுத்தம் கூடுவதைப் பற்றிப் பேசுவது பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல் வாழ்கிறவர்களை வைத்துத்தான். போன வருடம் நிற்காமல் ஏறிய அதே படியில் இந்த வருடம் இரண்டு தடவை நிற்கிறீர்கள் என்றால், படி ஒன்றும் வளர்ந்துவிடவில்லை.

அடுத்தது, "பிபி நார்மல்" என்று நிம்மதியாவது. கையில் பட்டை கட்டிப் பார்ப்பது உடம்பின் அழுத்தம். இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாயின் அழுத்தம் வேறு கணக்கு. ஓய்வில் அதன் சராசரி 14 மி.மீ. பாதரச அளவில் இருக்கும். 1973இல் ஜெனீவாவில் நிபுணர்கள் கூடி 25 என்று வைத்த எல்லையை 2018இல் 20க்கு இறக்கிவிட்டார்கள், அதைத் தாண்டினாலே பல்மனரி ஹைப்பர்டென்ஷன்தான்.

சரி, எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுத்தாயிற்று, அத்தோடு முடிந்ததா? இல்லை. எக்கோ அந்த அழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை, வால்வு வழியாகக் கசியும் ரத்தத்தின் வேகத்தை வைத்து ஊகிக்கிறது, அதனால் கூடவும் காட்டும், குறையவும் காட்டும். உறுதி செய்ய வேண்டுமானால் கழுத்து அல்லது தொடைச் சிரை வழியாகக் கத்தீட்டர் என்னும் மெல்லிய குழாயை இதயம் வரை விட்டுத்தான் அளக்க வேண்டும். ரிப்போர்ட்டில் "மைல்டு" என்று பார்த்ததும் பக்கத்து வீட்டுக்காரர் இந்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில்டெனாஃபில் மாத்திரையை வாங்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள் (நிஜமாகவே). இந்த நோய்க்கு அதிகமாகக் காரணமாவது இடப்பக்க இதயக் கோளாறு, அதற்கு இந்த மாத்திரை உதவாது, சிலருக்குக் கெடுதலாகவும் போகும்.

காரணம் தேடுவதைப் பாதியில் விடுவதும் தவறுதான். வருடக்கணக்கில் விறகடுப்புப் புகை குடித்த நுரையீரலா, நீலகிரிப் பழங்குடி மக்களிடம் காணப்படும் சிக்கில் செல் நோயா (ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரை நோய்), காலில் உறைந்து நுரையீரலுக்குப் போய் அடைத்த பழைய ரத்தக் கட்டியா? பழைய கட்டி சிடி ஸ்கேனில் சில சமயம் தப்பிவிடும், காற்றோட்டத்தையும் ரத்த ஓட்டத்தையும் ஒப்பிடும் வி-க்யூ ஸ்கேனில் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். இதை மட்டும் தவறவிடக் கூடாது, ஏனென்றால் இந்த வகையில்தான் பலருக்கு ஆபரேஷன் செய்தே கட்டியை உரித்தெடுக்க முடிகிறது.

பெரியம்மாவுக்கு அதுதான். கோயம்புத்தூரில் டாக்டர் கேட்ட பிறகுதான், கால் முறிந்து இரண்டு மாதம் படுத்திருந்தபோது கெண்டைக்கால் வீங்கிக் கிடந்ததையே சொன்னார். "அது தைலம் போட்டுச் சரியாயிடுச்சே" என்றார்.