காப்பிச் செடிக்கு முதல் கவாத்து: உச்சியை எங்கே வெட்டுவது?

கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் புதிதாக அராபிகா வகைக் காப்பி நட்டவர்கள் பலர், செடி தளதளவென்று வளர்வதைப் பார்த்து வெட்ட மனசு வராமல் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வெட்டுங்கள். விட்டால் ஆள் உயரத்தைத் தாண்டிப் போய்விடும். பழம் பறிக்கக் கை எட்டாது, அடிக்கிளையும் வெளிச்சம் இல்லாமல் காய்ந்துவிடும்.

நுனி இருக்கும்வரை செடியின் வேகமெல்லாம் மேலேதான். அங்கே சுரக்கும் ஆக்ஸின் என்ற வளர்ச்சி ஹார்மோன், கீழே உள்ள மொட்டுகளை உறங்க வைக்கிறது. நுனி போனதும், தண்டிலிருந்து பக்கவாட்டில் நீளும் படுக்கைக் கிளைகள் தடித்து, துணைக்கிளை விடும். காய்ப்பதே அந்தக் கிளைகளில்தான்.

தரையிலிருந்து 75 செ.மீ., அதாவது இரண்டரை அடி. அந்த அளவுக்கு ஒரு குச்சியை நறுக்கி வைத்துக்கொண்டு செடியோரம் நிறுத்திப் பாருங்கள். அதற்கு அருகில் உள்ள கணுவுக்கு ஓர் அங்குலம் மேலே, மழை இல்லாத நாளில், கூரான கவாத்துக் கத்தரியால் சாய்வாக வெட்டுங்கள்.

வேலை இதோடு முடியவில்லை. வெட்டிய இடத்துக்குக் கீழே பாருங்கள்: இரண்டு கிளைகள் எதிரெதிராக, கை விரித்த மாதிரி நிற்கும். அதில் ஒன்றை எடுத்துவிட வேண்டும். இரண்டையும் விட்டால் காய்ப் பாரத்தில் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, நடுத்தண்டு பிளந்துவிடும். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. முதல் காய்ப்பிலேயே சில செடிகள் உச்சியில் வாய் பிளந்து நின்றன. பிளவுக்குள் மழைத்தண்ணீர் தேங்கி அழுகியதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

சில வாரங்களில் தண்டிலிருந்து சிம்பு கிளம்பும். படுக்கைக் கிளை பக்கவாட்டில் போகும், சிம்பு நேரே வானத்தைப் பார்க்கும். இளசாக இருக்கும்போதே விரலால் ஒடித்துவிடலாம். ஆனால் அவசரத்தில் படுக்கைக் கிளையை ஒடித்துவிடாதீர்கள். சிம்பு எத்தனை முறை கிள்ளினாலும் திரும்ப வரும். தண்டில் ஒரு படுக்கைக் கிளை போனால் அந்த இடத்தில் இன்னொன்று வரவே வராது. புது ஆட்களை வேலைக்கு விடும் முன் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

நடுத்தண்டைச் சுற்றி அரை அடிக்குள் இருக்கும் துணைக்கிளைகளையும் எடுத்துவிடுங்கள். காற்றும் வெளிச்சமும் உள்ளே போனால் இலைத்துரு நோய் குறையும். செடி நன்றாகத் தேறியபின் உச்சிக்குக் கீழிருந்து ஒரே ஒரு சிம்பை மேலே விட்டு, நாலு, நாலரை அடியில் மறுபடி வெட்டினால் இரண்டாவது அடுக்கு கிடைக்கும்.

காய்ப்புக்கு வந்த செடிக்கு, பழம் பறித்து முடித்த கையோடு வருஷா வருஷம் கவாத்து. அந்தச் சமயத்தில் நிழல் மரங்களையும் சேர்த்து மொட்டையடித்துவிடாதீர்கள். வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்பில்தான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு முட்டையிடும். பட்டையில் மேடுமேடாக வளையம் தெரிந்தால் புழு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அந்தச் செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். வண்டு வெளியேறிப் பக்கத்துச் செடிக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம்.